முகங்களின் கோபுரம் பிறந்த கதை

வாஷிங்டனில், நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையை நினைவுகூரும் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குள் மூன்று மாடி உயரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படாது. நான்காம் மாடியில் தொடங்கும் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் ஒரு சிறு பாலத்தின் வழியாக அதற்குள் நுழைந்துவிடுகிறார். சுற்றிலும் புகைப்படங்கள். தலைக்கு மேலே கை எட்டாத உயரத்திலும் இருக்கின்றன. காலுக்குக் கீழே, குனிந்தால் மட்டும் தெரிகிற ஆழத்திலும் இருக்கின்றன. கல்யாண ஜோடி, பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளோடு நிற்கும் இளைஞர்கள், தாடி வைத்த பெரியவர், கோழிகளுக்குத் தீனி போடும் சிறுமி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அத்தனை பேரும் ஒரே ஊர்க்காரர்கள்.

அந்த ஊர் லிதுவேனியாவின் தென்கோடியில், பெலாரஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வில்னியஸ் நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. இன்றைய வரைபடத்தில் எய்ஷிஷ்கெஸ் என்று போட்டிருக்கும். யித்திஷ் மொழி பேசிய யூதர்கள் எய்ஷிஷோக் என்று அழைத்தார்கள். அந்த மக்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வாயில் வழங்கிய பெயரைச் சொல்வதே முறை.

கோபுரம் திறக்கப்பட்டது 1993 ஏப்ரலில், அருங்காட்சியகம் திறந்தபோது. ஆனால் அது பிறந்த கதையை அங்கிருந்து தொடங்கினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். அருங்காட்சியகம் அந்தப் படங்களுக்கு ஒரு சுவர் கொடுத்தது. படங்களை எடுக்கச் சொன்னதும், காசு கொடுத்ததும், பின்பக்கம் எழுதியதும், தபாலில் சேர்த்ததும் எய்ஷிஷோக் மக்கள். அந்த ஊரின் சாதாரணமான ஒரு பழக்கத்தில்தான் கோபுரத்தின் முதல் கல் விழுந்தது.

மரவீடுகள் நிறைந்த சிற்றூர் அது. நடுவே பெரிய சந்தைத் திடல். வியாழக்கிழமை சந்தை நாள். சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தானியமும் கோழியும் விற்பார்கள். யூத வியாபாரிகளிடம் துணியும் செருப்பும் உப்பும் வாங்கிப் போவார்கள். குதிரை வாங்க விற்கத் தனிச்சந்தை. ஒரு பெரிய தொழுகைக்கூடம், அதையொட்டி இரண்டு வேதப் படிப்புக்கூடங்கள். குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வேதம் படிப்பதற்காகவே இங்கே வந்து தங்கிய ஆண்கள் 19ஆம் நூற்றாண்டில் பலர் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுவதை ஊர்ப் பெண்கள் தங்கள் கடமையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யூத உலகம் முழுவதும் மதித்த ஹாஃபெட்ஸ் ஹாயிம் என்ற அறிஞர் வாழ்ந்த ராதுன், பக்கத்து ஊர்தான். பழைய இடுகாட்டுக் கற்களில் 11ஆம் நூற்றாண்டுத் தேதி இருந்ததாக ஊரில் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள்.

ஆட்சி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ரஷ்யப் பேரரசு, முதல் உலகப்போரில் ஜெர்மானியர், பிறகு போலந்து, 1939இல் சோவியத் படை, லிதுவேனியா, மறுபடி சோவியத். எந்தக் கொடி பறந்தாலும் வியாழக்கிழமைச் சந்தை கூடியது.

இந்த ஊருக்குள் கேமரா வந்தது. யிட்ஸாக் ஊரி கட்ஸும் அவர் மனைவி ஆல்ட்டே கட்ஸும் ஸ்டுடியோ நடத்தினார்கள். பென் சியோன் ஷ்ரெய்டர், ரெஃபாயேல் லெய்போவிச் என்று வேறு இருவரும் இந்த ஊரைப் படம் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊரில் கேமராவுக்கு அவ்வளவு வேலை இருந்ததென்றால் அதற்குக் காரணம் உண்டு.

ஊரைவிட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். 1880களிலிருந்தே ரஷ்யப் பேரரசின் யூதர்கள் வறுமைக்கும் கலவரத்துக்கும் அஞ்சிக் கப்பலேறினார்கள். எய்ஷிஷோக்கிலிருந்தும் ஆட்கள் அமெரிக்கா போனார்கள்; சிலர் பாலஸ்தீனம் போனார்கள். போகிறவனை நடுவில் உட்காரவைத்து நண்பர்கள் சூழ்ந்து நின்று ஒரு பிரிவுப்படம் எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பிரதி. போன பிறகு, இங்கே பிறந்த குழந்தையை அங்கே இருக்கும் சித்தப்பா பார்க்க வேண்டாமா? நிச்சயமான பெண்ணை அண்ணன் பார்க்க வேண்டாமா? ஸ்டுடியோவுக்குப் போனார்கள், இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். அப்போது குடும்பப் படத்தையே வாழ்த்து அட்டையாக அனுப்புகிற வழக்கம் பரவியிருந்தது. படத்தின் பின்னால் பெயர், தேதி, நாலு வரி அன்பு.

1921இலும் 1924இலும் அமெரிக்கா குடியேற்றச் சட்டங்களை இறுக்கி, கிழக்கு ஐரோப்பியருக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதன் பிறகு போகத் துடித்தவர்களால் போக முடியவில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கத் தபாலில் வரும் படமே வழி என்று பல குடும்பங்களுக்கு ஆயிற்று. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. ஆட்களுக்கு அனுமதி மறுத்த எல்லைகளை அவர்களுடைய படங்கள் தடையின்றிக் கடந்துபோயின. பின்னாளில் மிஞ்சப்போகிறவை அவைதான் என்று அனுப்பியவர்களுக்குத் தெரியாது.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்தது. மறுநாளுக்குள் ஜெர்மன் படை எய்ஷிஷோக்கில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி மாலை ரோஷ் ஹஷானா தொடங்க வேண்டும். வேறு ஆண்டுகளில் வாழ்த்துப் படங்கள் தபாலில் போய்க்கொண்டிருக்கும் பருவம். அன்றுதான் ஊர் யூதர்களைத் தொழுகைக்கூடத்திலும் படிப்புக்கூடங்களிலும் கொண்டுபோய் அடைத்தார்கள். பக்கத்து வால்கினின்காய் ஊர் யூதர்களும் அவர்களோடு சேர்க்கப்பட்டார்கள். பிறகு எல்லோரையும் குதிரைச் சந்தைத் திடலுக்கு ஓட்டினார்கள். 25ஆம் தேதி ஆண்களைப் பழைய யூத இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். 26ஆம் தேதி பெண்களையும் குழந்தைகளையும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே சுட்டார்கள். ஐன்ஸாட்ஸ்கொமாண்டோ 3 என்ற ஜெர்மன் கொலைப்படையும் அதனோடு சேர்ந்த லிதுவேனிய ஆட்களும் செய்த வேலை.

அந்தப் படையின் தலைவன் கார்ல் யேகர், தன் ஆட்கள் கொன்றவர்களின் கணக்கை ஊர்வாரியாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினான். 1941 டிசம்பர் 1 தேதியிட்ட அந்த அறிக்கை இன்றும் இருக்கிறது. அதில் எய்ஷிஷோக்குக்கு ஒரே ஒரு வரி. ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821. கூட்டுத்தொகை 3,446. பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

தப்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருத்தி கட்ஸ் தம்பதியின் மகள் வயிற்றுப் பேத்தி, யாஃபா சோனென்சன் என்ற சிறு குழந்தை. பெற்றோர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, ராதுனிலும் பிறகு பல மறைவிடங்களிலும் ஒளிந்து பிழைத்தார்கள். 1944 கோடையில் ஜெர்மன் படை விரட்டப்பட்டதும் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அக்டோபரில் ஒருநாள் ஆயுதம் தாங்கியவர்கள் அந்த வீட்டைத் தாக்கினார்கள். யாஃபாவின் தாயும் கைக்குழந்தையான தம்பியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் போலந்தின் தலைமறைவுப் படையினர் என்று யாஃபா வாழ்நாள் முழுவதும் சொன்னார். நோக்கம் என்ன என்பதில் போலந்து வரலாற்றாசிரியர்கள் சிலர் அவரோடு முரண்பட்டார்கள். அந்தச் சர்ச்சை நீண்டது. அந்த வீட்டிலிருந்து உயிரோடு வந்த சிறுமி 1946இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தாள். 1954இல் அமெரிக்கா வந்து, வரலாறு படித்து, புரூக்லின் கல்லூரியில் பேராசிரியர் யாஃபா எலியாக் ஆனாள்.

தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய 1974இல் புரூக்லினில் அவர் ஒரு மையம் தொடங்கினார். அமெரிக்காவில் அந்த வகையில் முன்னோடி முயற்சி அது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர், முகாமிலிருந்து உயிர்பிழைத்த எழுத்தாளர் எலி வீசல் தலைமையில் ஹோலோகாஸ்ட் பற்றி ஒரு குழு அமைத்தார். அமெரிக்காவில் என்ன வகையான நினைவுச்சின்னம் எழுப்பலாம் என்று சொல்வது அதன் பொறுப்பு. எலியாக் அதில் இடம்பெற்றார். 1979 கோடையில் குழு கிழக்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போனது. ஆஷ்விட்ஸ், ட்ரெப்ளிங்கா, கீவ் நகரத்துப் பாபி யார் பள்ளத்தாக்கு. சாவு நடந்த இடங்களாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்தப் பயணத்தில், விமானத்தில் இருந்தபோதுதான் அவருக்குள் இந்த எண்ணம் முளைத்தது. குழு எழுப்பப்போவது சாவுக்கான நினைவுச்சின்னம். தான் எழுப்ப வேண்டியது வாழ்வுக்கான நினைவுச்சின்னம். அதற்கு எங்கும் தேட வேண்டியதில்லை, பிறந்த ஊர் இருக்கிறது.

அந்த முடிவின் கனத்தை உணர, அப்போது உலகம் இந்தப் படுகொலையை எந்தப் படங்களின் மூலம் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமாக வேலிக்குப் பின்னால் நிற்பவர்கள், குழிகளில் குவிந்த உடல்கள், உடுப்பைக் களையச் சொல்லி வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்கள். அவற்றில் பல கொலைகாரர்களே எடுத்தவை. மீதியில் பெரும்பாலானவை முகாம்களை விடுவித்த படைகள் எடுத்தவை. சான்றாக அவை தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படங்களை எடுக்கும்போது அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. தன்னை உலகம் அப்படிப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பெண் விரும்பியிருப்பாள்? எய்ஷிஷோக் ஸ்டுடியோப் படத்தில் இருக்கும் பெண் தானே உடுப்பைத் தேர்ந்தெடுத்தாள், தானே தலை வாரினாள், யாருக்கு அனுப்புவது என்றும் அவளே முடிவுசெய்தாள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை எலியாக் அளவுக்குத் தெளிவாகக் கண்டவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

தேடல் தொடங்கியது. ஊரில் இருந்த வீடுகள் சூறையாடப்பட்டுவிட்டன. அங்கே என்ன மிச்சம் இருக்கும்? ஊர் முப்பது நாற்பது ஆண்டுகள் தபாலில் அனுப்பியதெல்லாம் எங்கே போனதோ அங்கே போனார் எலியாக். அமெரிக்க நகரங்களில் எய்ஷிஷோக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். இஸ்ரேலில் இருந்தார்கள். வேறு கண்டங்களிலும் சிதறிக் கிடந்தார்கள். பரண்மேல் செருப்புப் பெட்டிக்குள், ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், இழுப்பறையில், மண்ணில் புதைத்துவைத்த டப்பாவில் படங்கள் இருந்தன. தாயின் முகம் இந்த உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது என்றால் யார்தான் எளிதில் கைவிட்டுத் தருவார்கள்? பேசி, காத்திருந்து, நகல் எடுத்துச் சேர்த்தார். ஒவ்வொரு படத்தோடும் அதில் இருப்பவர் யார், யாருக்கு உறவு, என்ன தொழில், எப்படி இறந்தார் அல்லது எப்படிப் பிழைத்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்தார். படத்தின் பின்பக்கம் எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்து இல்லாத படத்துக்கு, அந்த முகத்தை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேட வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து ஆண்டு அளவில் 6,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

ஆறாயிரம் என்ற எண்ணை அந்தச் சிற்றூரோடு வைத்துப் பார்க்க வேண்டும். கொல்லப்பட்டதாக யேகர் எழுதிய தொகையைவிட அதிகமான படங்கள் அந்த ஊருக்கு வெளியே பிழைத்திருந்தன.

இதற்கிடையே, கார்ட்டர் அமைத்த குழுவின் பரிந்துரைப்படி வாஷிங்டனில் அருங்காட்சியகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் இங்கோ ஃப்ரீட், குழந்தையாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். அருங்காட்சியகத்தின் இயக்குநர் யெஷயாஹு வைன்பெர்க். கண்காட்சியை வடிவமைத்தவர் ரால்ஃப் ஆப்பெல்பாம். எதைக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது என்று அவர்களுக்குள் நீண்ட விவாதங்கள் நடந்தன. ஆஷ்விட்ஸில் பெண்களின் தலையிலிருந்து மழித்தெடுத்த கூந்தலைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாமா என்பது அவற்றுள் ஒன்று. உயிர்பிழைத்து வந்து அருங்காட்சியகக் குழுவில் இருந்த சில பெண்கள் மறுத்தார்கள். அது தங்கள் தாயின் கூந்தலாக இருக்கலாம் என்றார்கள். கூந்தல் வைக்கப்படவில்லை, அதன் புகைப்படம் மட்டும் சுவரில் இடம்பெற்றது. கொல்லப்பட்டவர்களை எப்படிப் பார்வைக்கு வைப்பது என்ற கேள்வியில் அந்தப் பெண்கள் எடுத்த முடிவும், விமானத்தில் எலியாக் எடுத்த முடிவும் ஒரே திசையில் இருக்கின்றன.

எலியாக் சேர்த்த படங்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கலாம். பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். வடிவமைப்பாளர்கள் செய்தது வேறு. கட்டடத்தின் மூன்று மாடிகளை ஊடுருவிச் செல்லும் ஒரு கூண்டைத் தேர்ந்தெடுத்து, உட்சுவர் முழுவதும் பெரிதாக்கிய படங்களால் மூடினார்கள். மேலே போகப் போகச் சுவர்கள் நெருங்கும். உச்சியில் வெளிச்சம் விழும். படங்களின் வயது 1890 முதல் 1941 வரை. எந்தப் படத்தின் பக்கத்திலும் எப்படி இறந்தார் என்ற குறிப்பைத் தொங்கவிடவில்லை.

வழியை அமைத்ததிலும் யோசனை இருந்தது. பார்வையாளர் அந்தக் கோபுரத்தை இரண்டு முறை கடக்கிறார். நான்காம் மாடியில் முதல் முறை. அப்போது கண்காட்சியின் கதை போருக்கு முந்தைய, போர் தொடங்கிய காலத்தில் இருக்கிறது. ஓர் ஊரின் மக்களைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கீழே இறங்கி மூன்றாம் மாடியில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களையும் அவர்களை ஏற்றிச்சென்ற வகை ரயில் பெட்டியையும் முகாம்களையும் கடந்துபோகும் வழியில் மறுபடி அதே கோபுரம், அதே முகங்கள், இன்னும் கீழான ஒரு பாலத்திலிருந்து. இப்போது அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியும். முதல் முறை மனிதர்களாகப் பழகிய பிறகு, இரண்டாம் முறை அவர்களை எண்ணிக்கையாக நினைக்க யாராலும் முடியாது. 3,446 என்று எழுதி முடித்த அந்த அறிக்கைக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோபுரம் திறந்ததோடு எலியாக் நிறுத்திக்கொள்ளவில்லை. திரட்டிய தகவல்களையெல்லாம் 800 பக்கங்களைத் தாண்டிய ஒரு நூலாக 1998இல் கொண்டுவந்தார். ஊரின் 900 ஆண்டு வரலாறு என்று அதற்குத் துணைத்தலைப்பு. சந்தை, குளியல்கூடம், பள்ளிக்கூடம், திருமணத் தரகு, சமையல், சண்டை சச்சரவு என்று ஊர் வாழ்க்கையின் எந்த மூலையையும் அவர் விடவில்லை. அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. இஸ்ரேலின் ரிஷோன் லெசியோன் நகரில் எய்ஷிஷோக் போன்ற ஓர் ஊரையே வீடு வாசலோடு மறுபடி கட்டவேண்டும் என்ற பெருங்கனவும் அவருக்கு இருந்தது. அது நிறைவேறவில்லை. 2016 நவம்பரில் நியூயார்க்கில் காலமானார். கோபுரத்தில் கோழிகளுக்குத் தீனி போடும் சிறுமி அவர்தான்.

எய்ஷிஷ்கெஸ் இன்றும் ஒரு சிற்றூர். சந்தைத் திடல் இருக்கிறது. ஆண்கள் சுடப்பட்ட இடத்திலும் பெண்களும் குழந்தைகளும் சுடப்பட்ட இடத்திலும் நினைவுக்கற்கள் இருக்கின்றன. யூத சமூகம் அங்கே இல்லை.

வாஷிங்டன் போகிறவர்களுக்கு ஒரு சொல். அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. நேரம் குறித்த அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் போதும். கோபுரத்தை அவசரமாகக் கடக்காதீர்கள்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எலியாக்குக்குக் கிடைத்த படங்களில் பெயரோடு மீண்டவை பல, பின்பக்கம் யாரோ நாலு வரி எழுதிவைத்ததால் மீண்டன. உங்கள் வீட்டுப் பழைய படங்களை இந்த வாரமே எடுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரும் உறவும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்.